பதினான்கு விரதமும் ஒரு மொட்டையும்

கிள்ளானில் நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் வரிசை கட்டி நிற்கும் சாலைக்குப் பின்னால், ஒரு சந்தில், மூன்று நாற்காலி போட்ட முடிவெட்டுக் கடை இருக்கிறது. நாற்காலி மூன்று என்றாலும் வேலை நடப்பது நடுவில் உள்ளதில்தான். மற்ற இரண்டும் பேச வருகிறவர்களுக்கு. கடைக்காரர் கமலநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கத்தரி ஓடும்போது வாயும் ஓடும். வாய் நின்றால் கத்தரியும் நின்றுவிடும். பூச்சோங்குக்கு வீடு மாறிப் போனவர்கள்கூட அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவார்கள். முடி வெட்டுவது அதற்கு ஒரு சாக்கு.

நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து வருவதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். கமலநாதன் குடிப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டால் கால் தானாக இரண்டு சந்து தள்ளியிருக்கும் கோப்பிக் கடைப் பக்கம் போகும். அங்கே பின்புற பெஞ்சில் கூட்டாளி அய்யாவு உட்கார்ந்திருப்பார். இளவயதில் பீர். பிள்ளைகள் வளர்ந்து செலவு ஏறிய பிறகு சம்சு என்னும் மலிவுச் சாராயம். கடந்த நான்கைந்து வருடமாகக் காலையில் கடை திறக்கும் முன்னும் ஒரு மூடி. அது குடி இல்லையாம், கைக்கு மருந்தாம். ஊற்றினால் கை நடுக்கம் நின்றுவிடுமாம். மனைவி மலர் அந்த மருந்துப் புட்டியை எத்தனையோ தடவை வாஷ் பேசினில் கவிழ்த்திருக்கிறாள். மறுநாள் புதுப் புட்டி வந்துவிடும்.

வாடிக்கைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக, "சவரம் வேணாண்ணே, கட்டிங் மட்டும் போதும்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இந்தக் காலத்தில் எல்லாரும் தாடி வைக்கிறார்கள் என்று கமலநாதன் நினைத்துக்கொண்டார். பாவம், அப்படித்தான் நினைத்தார்.

"அண்ணே, கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்று யாராவது வாய் திறந்தால் அவரிடம் ஒரே பதில் உண்டு. "நினைச்சா நிறுத்திருவேன்லா. தைப்பூசத்துக்கு வந்து பாரு." அதில் பொய் இல்லை. பதினான்கு வருடமாகத் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் முன்னால் கழுத்தில் மாலை போடுவார். மாலை ஏறிவிட்டால் ஒரு சொட்டு தொட மாட்டார். ஒரு வேளை சைவச் சாப்பாடு, தரையில் பாய். விரதக்காரர் தன் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பதால், காடாக வளர்ந்த தாடியோடு நின்றுகொண்டு அடுத்தவர் தாடியை எடுப்பார். எல்லாரும் அவரை 'சாமி' என்பார்கள். அய்யாவுகூட எழுந்து நின்று கும்பிடுவார். தைப்பூசம் முடிந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே அதே அய்யாவு பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருப்பார். நாற்பத்தெட்டு நாள் விட்டதை இரண்டு பேரும் ஒரு வாரத்தில் பிடித்துவிடுவார்கள்.

மூத்தவள் மாதவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாதவி பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறாள், பாலர் பள்ளி ஆசிரியை. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் பெற்றவர்கள் இரண்டு பேர்தான், மற்றவர்களுக்கு அவள் பாப்பா. நாற்பதாம் நாள் கமலநாதன் கிள்ளானில் ரயில் ஏறிப் பேத்தியைப் பார்க்கப் போனார். மடியில் வாங்கியதும் முதலில் பார்த்தது தலையைத்தான். தொழில்காரர் அல்லவா.

"நல்ல அடர்த்தி. சுழி ஒண்ணுதான். பதினோராம் மாசம் பத்துமலை முருகன் கோயில்ல மொட்டை. நாந்தான் எடுப்பேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அந்த வட்டாரத்தில் எத்தனையோ குழந்தைகளின் முதல் முடியை எடுத்த கை அது. தூங்குகிற குழந்தை விழிக்காமல் மொட்டை போடுவார் என்று பெயர் வாங்கியவர். சொந்தப் பேத்திக்கு வேறொருவன் கத்தி வைப்பான் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

மாதவி குழந்தையை வாங்கிக்கொண்டு தேநீரைக் கொடுத்தாள். சாசரோடு கொடுத்தாள். கோப்பை சாசரில் கடகடவென்று ஆடியது. அவர் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதித் தேநீர் சாசருக்கு வந்துவிட்டது.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. பாப்பாவுக்கு மொட்டைய கோயில் ஆளுங்களே எடுக்கட்டும்."

"ஏம்மா?"

மாதவி கோப்பையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"தைப்பூசம் வருதில்ல, மாலை போட்டா சரியாயிரும்மா."

"கழட்டினா?"

நாற்பத்தெட்டு நாளுக்கு அந்தப் பக்கம் என்ன என்று அவர் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. திரும்பும் ரயிலில் பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் மழையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். இவர் தைப்பூசத்துக்கும் மொட்டைக்கும் நடுவில் எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் மலரிடம் சொன்னார்: "இந்த வருஷம் போடுற மாலைய கழட்டப் போறதில்ல. எம் பேத்தி தலையில நாந்தான் கத்தி வைப்பேன்." மலர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவளுக்கும் ஆசைதான். ஆனால் பதினான்கு தடவை பார்த்தவள்.

மாலை போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் வழக்கத்தைவிட அதிகமாகவே குடித்தார். கடைசித் தடவை என்று அய்யாவும் ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் விடியலில் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் மாலை போட்டுக்கொண்டார். அன்று முழுக்கக் கை நடுக்கம், வேர்வை, தலைக்குள் இரைச்சல். இதெல்லாம் அவருக்குப் பழக்கம்தான். விரதத்தின் முதல் சில நாள்கள் முருகன் சோதிப்பான் என்பது அவருடைய கணக்கு. முதல் வருடம் தலைவலியோடு போயிற்று. ஐந்தாம் வருடம் மூன்று நாள் தூக்கம் இல்லை. பத்தாம் வருடம் சுவரில் எறும்பு ஊர்வதாக மலரைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவர் சுத்தமாக இருந்தது. சோதனை வருடத்துக்கு வருடம் ஏறுகிறது என்றால் தன் பக்தியும் ஏறுகிறது என்று அர்த்தம் என்றே நினைத்தார். கடையில் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

இரண்டாம் நாள் சாயங்காலப் பூஜை. உறுமி மேளக்காரர்கள் தைப்பூசத்துக்காகப் பழகிக்கொண்டிருந்தார்கள். மாதவியும் குழந்தையோடு வந்திருந்தாள். கமலநாதன் கற்பூரத் தட்டுக்கு முன்னால் கைகூப்பி நின்றார். கூப்பிய கை ஆட ஆரம்பித்தது. பிறகு தோள் ஆடியது. பிறகு உடம்பே ஆடியது.

"சாமி வந்திருச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

அவ்வளவுதான், உறுமி வேகம் எடுத்தது. ஒருத்தி ஓடி வந்து நெற்றி நிறைய விபூதி அடித்தாள். இன்னொருத்தி, மகளுக்குக் கல்யாணம் எப்போது கூடும் என்று கேட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அய்யாவு வந்து கால் பக்கம் உட்கார்ந்தார். நேற்று முன்தினம் அதே வாய்க்கு ஊற்றிக் கொடுத்த மனிதர், இப்போது கண்ணில் நீர் தளும்ப, "முருகா, எம் முட்டி வலிக்கு ஒரு வழி சொல்லு" என்று கேட்டார். கமலநாதனுக்கு இதெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. தனக்கு வந்திருப்பது சாமிதானா என்று அவருக்கே ஒரு நிமிஷம் சந்தேகம். பயம் மட்டும்தான் உள்ளே இருந்தது. சாமி வந்தால் பயம் ஏன் வருகிறது என்று யோசித்ததுதான் கடைசி.

உடம்பு விறைத்துப் பின்பக்கமாக விழுந்தார். தரையில் கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. உதடு நீலமானது. கூட்டம் அப்போதும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றது.

மாதவி குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் பாய்ந்து வந்தாள். அவள் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு இப்படி வந்து பார்த்திருக்கிறாள். "தள்ளுங்க. இது சாமி இல்ல, இழுப்பு" என்றாள். வாயில் எலுமிச்சம்பழம் திணிக்க வந்த கையைத் தட்டிவிட்டாள். அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் துப்பட்டாவை மடித்து வைத்தாள். சாமி காரியத்தில் குறுக்கே நிற்கிறாளே என்று ஓர் அம்மாள் முணுமுணுத்தாள். "ஆன்டி, ஆம்புலன்ஸுக்கு ஃபோன் அடிங்க. அப்புறமா என்னைத் திட்டுங்க" என்றாள் மாதவி.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கழுத்தில் மாலை இல்லை. கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மாலை எங்கே என்றுதான் முதலில் கேட்டார். நர்ஸ் மிஸி அதைக் கழற்றிப் பையில் போட்டு மலரிடம் கொடுத்திருந்தாள். கமலநாதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பதினைந்தாவது விரதம் இரண்டே நாளில் முறிந்தது. பேத்தி தலையில் கை வைக்கும் யோக்கியதையும் அத்தோடு போயிற்று என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் டாக்டர் உஸ்மா வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், நன்றாகத் தமிழ் பேசுவார்.

"அங்கிள், எங்க வாப்பா உங்க கடைக்குத்தான் வருவாங்க. ரெண்டு வருஷமா சவரம் மட்டும் வீட்டுல பண்ணிக்கிறாங்க."

எத்தனையோ பேர் தாடி வைக்காமலே தன்னிடம் சவரத்தை நிறுத்தியது ஏன் என்று கமலநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வயதில் அப்படி ஒரு வெட்கம் வரக் கூடாது.

"உங்களுக்கு மோட்டார் ஓட்டத் தெரியுமில்ல? குடி மூளைக்கு பிரேக் மாதிரி. தினமும் பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருந்தா மூளை என்ன பண்ணும்? வேலை நடக்கணுமே, அதனால எஞ்சின அதுக்குத் தக்கன முறுக்கி வச்சுக்கும். வருஷக்கணக்குல முறுக்கி வச்சிருக்கு. நீங்க ஒரே நாள்ல பிரேக்க எடுத்துட்டீங்க."

"பாய்ஞ்சிரும்" என்றார் கமலநாதன்.

"அதான் பாய்ஞ்சது. நடுக்கம், வேர்வை, இழுப்பு எல்லாம் அதுதான். காலையில குடிச்சா கை நின்னுச்சே, அதுவும் இதேதான். பிரேக்க கொஞ்சம் தொட்டுக்கிட்டீங்க."

பிறகு ஒவ்வொரு வருட விரதத்திலும் முதல் நாள்கள் எப்படி இருந்தன என்று கேட்டார். தலைவலி, தூக்கமின்மை, எறும்பு எல்லாவற்றையும் இவர் ஒப்பித்தார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஒவ்வொரு தடவை திடீர்னு நிறுத்துறப்பவும் மூளை அடி வாங்குது அங்கிள். அடி வாங்குன மூளை அடுத்த தடவை இன்னும் மோசமா துள்ளும். அதனாலதான் வருஷா வருஷம் ஏறிச்சு. அடுத்த தடவை இப்படிப் பண்ணா உயிருக்கே ஆபத்து."

கமலநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி மேல பழி போடுறீங்களா டாக்டர்?"

"சாமி மேல இல்ல. நீங்க வருஷத்துல நாப்பத்தெட்டு நாள் சாமிக்குக் கொடுத்தீங்க, மிச்ச நாள் பூரா சம்சுக்குக் கொடுத்தீங்க. ரெண்டுக்கும் நடுவுல உங்க மூளை மாட்டிக்கிச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். கமலநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கோபம் போய்விட்டது. நாற்பத்தெட்டு நாள் அவர் பெருமை. அதில் கை வைத்தால் யாருக்குத்தான் வலிக்காது. படுத்துக்கொண்டு மோட்டு வளையைப் பார்த்தபடி அன்று வெகுநேரம் அந்தப் பதினான்கு வருடத்தையும் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். நடுக்கத்துக்கான மருந்தை ஆஸ்பத்திரியிலேயே மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். ஆசையை மட்டுப்படுத்தும் மாத்திரை ஒன்று தொடர்ந்தது. "ஒரு பீர் மட்டும் வச்சுக்கலாமா?" என்று போகும்போது கேட்டுத்தான் பார்த்தார். சிலருக்குக் குறைத்துக் குடிப்பது சரிப்படும், இழுப்பு வரை போன உங்களுக்கு ஒன்றுகூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருவேளை மறுபடியும் தினக்குடிக்குப் போனால் தானாக நிறுத்தக் கூடாது, நேரே இங்கே வர வேண்டும் என்றும் சொன்னார்.

இதற்குப் பிறகுதான் உண்மையான பாடு. விரத காலத்தில் ஊரே அவரைச் சுற்றி வேலி போட்டிருந்தது. மாலையைப் பார்த்தால் யாரும் குடிக்கக் கூப்பிட மாட்டார்கள், வாசனையோடு பக்கத்தில் வர மாட்டார்கள். இப்போது கழுத்து வெறுமையாக இருந்தது. சாயங்காலம் ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே நாக்கில் நீர் ஊறும். ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். குடித்த பிறகு வரும் சுகத்தைவிட, குடிக்கப் போகிறோம் என்று தெரிந்ததுமே மூளை போடும் ஆட்டம் பெரியது, அந்த ஆட்டத்துக்குப் பெயர்தான் ஆசை என்று டாக்டர் விளக்கியிருந்தார். மணி, சத்தம், வாசனை எல்லாவற்றையும் மூளை மனப்பாடம் செய்து வைத்திருக்குமாம். ஏறும், அரை மணிக்குள் தானாக இறங்கும், அதுவரைக்கும் வேறு எதையாவது செய்யுங்கள் என்றார்.

வாசனையில்தான் முதலில் மாட்டினார். சவரம் முடிந்து முகத்தில் தடவும் லோஷன் இருக்கிறதே, அதில் ஸ்பிரிட் வாடை தூக்கும். புட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஏன் தொண்டை வறள்கிறது என்று ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்றைக்கே எல்லாப் புட்டியையும் மலரிடம் கொடுத்துவிட்டுப் படிகாரக் கல் வாங்கி வைத்தார். "என்னண்ணே, பழைய காலத்துக்குப் போயிட்டீங்க" என்று கேட்டவரிடம், "எந் தொண்டைக்கு நல்லதுலா" என்று சொன்னார். கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆறு மணியைச் சமாளிக்க இன்னொரு வேலை செய்தார். ஆறிலிருந்து ஏழு வரை கட்டிங் பாதி விலை என்று அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். தொழிற்சாலை வேலை விட்டு வருகிறவர்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆசை தலைக்கு ஏறுகிற நேரத்தில் கையில் யாராவது ஒருவர் தலை இருக்கும். தலை இருந்தால் வாயில் பேச்சு இருக்கும். சில நாள் பேச்சு திடீரென்று நின்றுவிடும். கத்தரியைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தபடி நிற்பார். வரிசையில் இருப்பவர்கள் கைத்தொலைபேசியைப் பார்ப்பதாகப் பாவனை செய்வார்கள். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கேட்டதில்லை. கிள்ளான்காரர்களுக்கு அந்த இங்கிதம் உண்டு.

ஆறு மாதம் ஓடியது. கை நடுக்கம் நின்றது. டாக்டர் உஸ்மாவின் வாப்பா ஒருநாள் வந்து, நடு நாற்காலியில் சாய்ந்து, கன்னத்தைக் காட்டினார். கமலநாதன் அன்று வீட்டுக்குப் போய் மலரிடம் அதை மூன்று தடவை சொன்னார்.

ஜூன் மாதத்தில் ஒரு கல்யாண விருந்து. அய்யாவு வீட்டுக் கல்யாணம், போகாமல் இருக்க முடியாது. பகல் நேரம்தான். மேசையில் எல்லாம் இருந்தது. யாரோ ஊற்றி முன்னால் வைத்தார்கள். ஏறுவது இறங்கும் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் மூக்குக்கு நேரே ஒரு கிளாஸ் இருக்கும்போது அரை மணி நேரம் நீளமானது. குடித்தார். இன்னொன்றும் குடித்தார்.

கிளாஸைக் கீழே வைத்ததும் வந்தது பழைய யோசனை. முறிந்தது முறிந்ததுதான், இனி எதைக் காப்பாற்ற? விரதத்தில் ஒரு வாய் கறி சாப்பிட்டாலும் விரதம் போச்சு. அதில் பாதி முறிந்தது, கால் முறிந்தது என்று கிடையாது. பதினான்கு வருடம் அப்படித்தான் பழகிய மனம். எழுந்து வெளியே வந்து, மோட்டாரைத் தொடாமல், நடந்தே சம்சு விற்கும் கடை வரை போனார். கடை வாசலில் ஆசை இன்னும் ஏறியது. அந்த இடத்தில் ஏனோ டாக்டருக்குத்தான் ஃபோன் போட்டார். கிளினிக் மிஸி எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள்.

"எல்லாம் போச்சு டாக்டர். ரெண்டு கிளாஸ். முறிஞ்சிருச்சு."

"அங்கிள், இது விரதமில்ல, முறிஞ்சு போறதுக்கு. ஆறு மாசமா ஆறிட்டு வர்ற காயத்துல ஒரு இடி பட்டிருக்கு, அவ்வளவுதான். ஆறு மாசம் எங்கயும் போகல. மூணாவது கிளாஸ் குடிக்காதீங்க. வீட்டுக்குப் போயி சோறு சாப்பிட்டுத் தூங்குங்க. திங்கக்கெழமை என்னை வந்து பாருங்க."

வீட்டுக்குப் போனார். சோறு சாப்பிட்டார். தூக்கம் வரவில்லை. மாதவிக்குச் சொல்வதா வேண்டாமா என்பதுதான் அவரைப் போட்டு அரித்தது. சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. கை நின்றுவிட்டது என்று அவளே போன மாதம் கண்ணால் பார்த்துவிட்டாள். இன்னும் இரண்டே மாதத்தில் மொட்டை. சொன்னால் கத்தி போய்விடும். மலர் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவரே மகளை அழைத்தார்.

"இன்னிக்கு ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டேன்மா. ஒனக்குத் தெரியணும்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ மழலை பேசுவது கேட்டது. "சரிப்பா" என்றாள் மாதவி. "வைக்கிறேன்." அதற்குப் பிறகு மொட்டையைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. திங்கள்கிழமை டாக்டரைப் போய்ப் பார்த்தார். மறுநாள் முதல் ஆறு மணி வரிசைக்கு வழக்கம்போல முடி வெட்டினார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் பத்துமலையில் கூடினார்கள். கோயில் மொட்டைக்கான சீட்டு மாதவி கையில் இருந்ததைக் கமலநாதன் வந்ததுமே பார்த்துவிட்டார். எதிர்பார்த்ததுதான். வெறுங்கையோடுதான் வந்திருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது முறை என்பதால் மாதவியின் தம்பி பிரசாந்த் பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். கோயில் முடிதிருத்துபவர் கத்தியில் பிளேடு மாற்றினார். பாப்பாவின் தலையை நனைக்கத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையைக் கமலநாதன் தானே எடுத்துக்கொண்டார். அதற்காவது விட்டார்களே என்றுதான் நினைத்தார்.

"உங்க கத்தி எங்கப்பா?" என்றாள் மாதவி.

"எதுக்கும்மா? கொண்டாரல. நீதான் வேணாம்னியே."

"நான் கொண்டாந்திருக்கேன்" என்றாள் மலர். கைப்பையைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியதை எடுத்து நீட்டினாள். உள்ளே அவருடைய கடைக் கத்தியும் பிரிக்காத பிளேடும் இருந்தன. தாயும் மகளும் பேசி வைத்திருக்கிறார்கள்; இவருக்குத்தான் ஒன்றும் தெரியாது.

கமலநாதன் மகளைப் பார்த்தார். "ரெண்டு கிளாஸ் குடிச்சேனேம்மா."

"நீங்களாதான் ஃபோன் போட்டுச் சொன்னீங்க. நான் கேக்கல, யாரும் போட்டுக் கொடுக்கல. கத்தி கைக்கு வராதுன்னு தெரிஞ்சே சொன்னீங்க. அன்னிக்குத்தான்பா எனக்கு பயம் போச்சு." அவள் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "மத்தவங்க சொல்லுவாங்க, விட்டுட்டேன்னு. நீங்க விழுந்தத சொன்னீங்க."

கோயில் முடிதிருத்துபவர் தன் முக்காலியைக் காலால் தள்ளிக் கமலநாதன் பக்கம் நகர்த்தினார்.

கமலநாதன் கையைக் கழுவித் துடைத்தார். பிளேடு பொருத்தினார். இடது கையால் பாப்பாவின் நெற்றியை ஏந்திக்கொண்டு, உச்சியிலிருந்து முதல் இழுப்பு இழுத்தார். எல்லார் கண்ணும் அந்தக் கையில்தான் இருந்தது. கை நடுங்கவே இல்லை. இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. ஈர முடி சுருள் சுருளாகப் பிரசாந்தின் வேட்டியில் விழுந்தது.

திடீரென்று நிறுத்திவிட்டார். கத்தியைத் தலையை விட்டுத் தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

மாதவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "கையாப்பா?" என்றாள் மெதுவாக.

"கை நல்லாத்தாம்மா இருக்கு. கண்ணுதான் தெரிய மாட்டேங்குது."

மாதவி பக்கத்தில் வந்து புடவை முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க வந்தது. "அழுது முடிங்கப்பா. நாங்க இருக்கோம், எங்கயும் போகல" என்றாள். கமலநாதன் அத்தனை பேர் நடுவில், கத்தியைத் தள்ளிப் பிடித்தபடியே, அழுது முடித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் காத்திருந்தார்கள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாப்பாவின் தலையை மறுபடி ஏந்தி, மீதி முடியையும் எடுத்தார். பாப்பா மாமன் மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள். மாதவி உள்ளங்கையால் அவள் தலை முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.